அந்தகாரியைப் பார்க்கலாமா?

'செம்பவளக் கோட்டை'யில் நான் பார்த்தவரை செம்பவளமும் இல்லை, கோட்டையும் இல்லை. ஓர் இளவரசன் இருந்தான். தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து குதிரையை விட்டு இறங்கவில்லை. ஓர் இளவரசி இருந்தாள். கடலுக்கடியில் சிறைப்பட்டிருந்தும் தலைமுடி நனையவில்லை. இருவருக்கும் நடுவே அந்தகாரி என்ற அரக்கி மண்டையோட்டு மாலையை ஆட்டிக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாள் இரவு எட்டரை மணிக்கு ஹா ஹா என்று சிரித்தாள். நடித்தவர் என்று யாரும் கிடையாது, எல்லாம் கணினி வரைந்த உருவங்கள். அது இப்போது சகஜம்தான். ஆனால் இந்தக் குப்பையை ஊரில் பாதிப் பேர் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தார்களே, அதுதான் எனக்குக் குமட்டியது.

குமட்டுவது என் தொழில். வார இதழ் ஒன்றில் 'பார்க்கலாமா?' என்ற பகுதியை வெகுகாலமாக எழுதி வருகிறேன். ஒரு தொடரை விடாமல் பார்க்கலாமா, வேண்டாமா என்று கடைசி வரியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'பார்க்கலாம்' என்று நான் எழுதியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். "நீங்க மூக்கைச் சுளிச்சாதான் சார் நமக்குச் சர்க்குலேஷன்" என்று எங்கள் ஆசிரியர் ஹேமா ஒருமுறை சொன்னார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி சுகந்திக்கு அந்தத் தொடர் பிடிக்கும். பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான், வீட்டில் நாங்கள் இருவர்தான். எட்டரைக்கு ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் டிவியைப் பார்ப்பாள், நான் தட்டையும் போனையும் பார்ப்பேன். நடுவில் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு, "இந்தக் கதையில நான் என்ன சொல்ல வரேன்னா..." என்று ஆரம்பிப்பாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் முழுதாகக் கேட்டதில்லை. தொலைக்காட்சியைப் பற்றிப் பகலெல்லாம் பேசிவிட்டு வருகிறவனுக்கு இரவிலும் அதே பேச்சா என்று எரிச்சலாக இருக்கும்.

அவளிடம் இன்னொரு பழக்கம். முகம் கழுவும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவாள். குளியலறைக் கண்ணாடி, பீரோக் கதவு, பிரிட்ஜ், அரிசி டப்பா என்று எங்கும் மெரூன் நிறப் பொட்டுகள். இந்த வீட்டில் பொட்டு ஒட்டாத பொருள் நான் ஒருவன்தான் என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, கீழ்வீட்டுக் கலாவதி வந்தார். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வேணுவைப் படிக்க வைத்து, இப்போது அவன், அவன் மனைவி நிர்மலா, மகள் ஆகியோரோடு இருக்கிறார். காலமெல்லாம் குண்டூசியை உதட்டோரம் கடித்துக்கொண்டே வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகியவர். அதனால் ஊசி இல்லாத நேரத்திலும் ஒரு பக்க வாயால்தான் பேசுவார்.

"சார், செம்பவளக் கோட்டையைப் பத்தி எப்ப எழுதப் போறீங்க?"

"வர்ற வாரம். ஏன், நீங்களும் பாக்கறீங்களா?"

"வேண்டாம்னு எழுதுங்க சார். நீங்க சொன்னா வேணு கேப்பான். நீங்க எழுதினீங்கன்னு முன்னாடி ரெண்டு சீரியலை விட்டவன்."

"எப்படியும் வேண்டாம்னுதான் எழுதுவேன். உங்களுக்கு என்ன கஷ்டம் அதுல?"

கலாவதி புடவைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "அந்த அரக்கி என்னை மாதிரி இருக்கா சார்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மூஞ்சி இல்ல. அது பாட்டுக்குப் பச்சையா, கோரப்பல்லோட இருக்கு. வாய்தான் என்னோடது. நான் பேசற மாதிரியே பேசறா. பாப்பா இப்பல்லாம் என்கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்கறா. அத்தை வாயைப் பாத்தா வாந்தி வருதுங்கறா. நிர்மலா அவளை ஒரு அதட்டுகூட அதட்டல. வேணு என்னடான்னா, தாம்பரத்துல லேடீஸ் ஹோம் ஒண்ணு நல்லா இருக்காம், ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாமாங்கறான்." தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டார். "நேத்து அவ பேசறதைப் பாத்துட்டு எனக்கே என்மேல அருவருப்பா இருந்துது சார்."

காபி கொண்டுவந்த சுகந்தி தட்டோடு அங்கேயே நின்றாள். "கலாக்கா, நான் என்ன சொல்ல வரேன்னா..." என்று தொடங்கினாள்.

"இரு, அவங்க பேசட்டும்" என்று நான் கையை உயர்த்தினேன். சுகந்தி பேச்சை நிறுத்தி, எச்சிலை விழுங்கி, லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

கலாவதி சொன்னதை நான் நம்பவில்லை. அலுவலகத்துக்கு வந்த பிரதியில் அரக்கி வாயை அகலத் திறந்து கத்தினாள். எங்கள் வீட்டு டிவியிலும் அதே கத்தல்தான். வயதாகிறது, மனம் தன்னையே சந்தேகப்படுகிறது என்று நினைத்தேன். இருந்தாலும் திங்கட்கிழமை எட்டரைக்கு வேணுவின் வீட்டுக்குப் போனேன். விமரிசகர் தன் வீட்டில் உட்கார்ந்து தொடர் பார்ப்பதில் வேணுவுக்கு ஏகப்பட்ட பெருமை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நிர்மலா தட்டில் முறுக்கு வைத்தாள். எட்டு வயதுப் பாப்பா முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

அந்தகாரி வந்தாள். நான் அறிந்த அந்தகாரி இல்லை.

உதடுகளை இறுக்கி, இடது ஓரத்தை மட்டும் திறந்து, கூரான எதையோ விழுங்கிவிடாமல் காப்பாற்றுகிறவளைப் போலப் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இரண்டு விரலால் உதட்டோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அது ஊசி இருக்கிறதா என்று தையல்காரர்கள் பார்க்கும் தடவல். அந்த வாயில் எச்சிலும் ரத்தமும் ஒழுக விட்டிருந்தார்கள். பாப்பா "உவ்வே" என்று தட்டைத் தள்ளினாள். நிர்மலாவின் மேலுதடு ஏறியது. வேணு சுவரைப் பார்த்தான். சமையலறை வாசலில் கலாவதி தலைப்பால் வாயை மூடியபடி நின்றிருந்தார். ஐந்து பேர் இருந்த அந்த அறையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்காதவர்களாகவும் இல்லை, பார்த்தோம் என்று சொல்கிறவர்களாகவும் இல்லை. இப்படி ஓர் அசிங்கத்தை என் தொழிலில் நான் கண்டதே இல்லை. முறுக்கைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தத் தொடரைத் தயாரிக்கும் கம்பெனியில் ஜெரால்டு என்று எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் வடபழனியில் ஒரு டீக்கடைக்கு அவரை வரவழைத்தேன். நான் பார்த்ததைச் சொன்னதும் அவர் மறுக்கக்கூட இல்லை.

"டிவி மேல ஒரு கேமராக் கண்ணு இருக்குல்ல சார்?"

"ஆள் எழுந்து போனா படத்தை நிறுத்தறதுக்குன்னு சொன்னாங்க."

"அதுக்கும்தான். ஆனா அது சும்மா இருக்கற நேரத்துல உங்க முகத்தைப் பாக்கும். எட்டரை மணி, எல்லாரும் சாப்பிடற நேரம். ஒருத்தர் மெல்லும்போது, சிரிக்கும்போது, பேச ஆரம்பிக்கும்போது, பக்கத்துல இருக்கறவர் மூக்கு லேசா சுருங்கும். சுருங்கினது அவருக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியும்."

"அந்தச் சுளிப்பை எடுத்து?"

"யாரைப் பாத்துச் சுளிச்சாரோ அவங்க சாயல் கொஞ்சம் கொஞ்சமா அரக்கிக்கு வரும். கதை எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான். அரக்கி மட்டும் வீட்டுக்கு வீடு வேற."

"யார்யா இப்படியெல்லாம் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். பாக்கறவன் எழுந்து போகாம பாத்துக்கன்னுதான் மெஷினுக்குச் சொன்னோம். அழகைக் காட்டினா கொஞ்ச நாள் பாத்துட்டு விட்டுடறாங்க. பழகின அருவருப்பைக் காட்டினா கண்ணை எடுக்க முடியல. வேண்டாத பொண்டாட்டி கை பட்டா குத்தம், கால் பட்டா குத்தம்பாங்களே, அதை மெஷின் தானா கத்துக்கிச்சு. எங்களுக்குத் தெரிய வந்தப்ப பார்வையாளர் எண்ணிக்கை மூணு மடங்கு ஆயிருந்துது." ஜெரால்டு கிளாஸைக் கீழே வைத்தார். "நிறுத்தியிருக்கணும். நிறுத்தல."

எனக்கு அந்த டீயும் குமட்டியது. "பத்திரிகைக்கு அனுப்பின பிரதியில இது எதுவும் இல்லையே?"

"அதுல வர்றது பொது அரக்கி. கண்ணுக்கு எதிர்ல குடும்பம் எதுவும் தெரியலன்னா அவதான் வருவா."

"எங்க வீட்டுலயும் பொது அரக்கிதான் வர்றா. தினமும் நானும் என் வீட்டுக்காரியும் எதிர்லதான் உக்காந்திருக்கோம்."

ஜெரால்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் சுளிக்கவே இல்லன்னாலும் பொது அரக்கி வரணும். அப்படி ஒரு வீடு எங்க கணக்குல இதுவரைக்கும் வரல. குடுத்து வெச்சவர் சார் நீங்க."

பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தை இனித்தது. வெளியில் நான் எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்கிறவன்தான். ஆனால் அதை வாசற்படியில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன் என்பதற்கு இதோ விஞ்ஞானமே அத்தாட்சி தருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தெம்போடு வேணுவை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன். ஜெரால்டு சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அக்காவை நாங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல சார்" என்றான்.

"சொல்லல. சுளிச்சீங்க. உங்களைப் படிக்க வெச்ச வாய் அது. அந்த வாயைத்தான் மூணு பேரும் சேர்ந்து அரக்கிக்குக் குடுத்திருக்கீங்க."

வேணு சாவியைத் திருகிக்கொண்டே நின்றான். "அக்கா பேச ஆரம்பிச்சாலே உடம்பு ஒரு மாதிரி ஆகுது சார். முன்னாடி இவ்வளவு இல்ல. என்னால நிறுத்த முடியல. உங்க வீட்டுல எப்படி?"

"எங்க வீட்டுல எந்தச் சாயலும் வரல. சுத்தமா ஒண்ணும் இல்ல. கூட இருக்கறவங்களை மதிக்கத் தெரியணும் வேணு."

அவன் தலை குனிந்தது. "எழுதுங்க சார். நிறுத்திடறேன். அந்த ஹோம் பேச்சையும் விட்டுடறேன்."

வியாழக்கிழமை மாலை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு வெறுப்போடும் இவ்வளவு சந்தோஷத்தோடும் ஒரு கட்டுரை எழுதியதில்லை. கண்ணைப் பற்றி எழுதினேன், சுளிப்பைப் பற்றி எழுதினேன், பெயர் சொல்லாமல் ஒரு தையல்காரப் பெண்மணியைப் பற்றி எழுதினேன். முடிவில் இப்படி ஒரு பத்தி: 'என் வீட்டிலும் இதே தொடர் ஓடுகிறது. எங்கள் அந்தகாரிக்கு யாருடைய சாயலும் இல்லை. குறை தொலைக்காட்சியில் இல்லை, அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது.' கடைசி வரி, வேண்டாம்.

கூடவே ஒரு படம் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எங்கள் வீட்டு டிவியில் அந்தகாரி தோன்றும்போது போனில் எடுத்துவிடலாம். எட்டரை ஆகப்போகிறது என்று டிவியைப் போட்டேன். திரையில் தூசி. துண்டை எடுத்துத் துடைத்தேன். மேல் விளிம்பைத் துடைக்கும்போது நடுவில் எதுவோ தட்டுப்பட்டது. மெரூன் பொட்டு. கண் இருக்கும் இடத்தில், அதன் அளவுக்கே வெட்டி வைத்ததைப் போலக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

இங்கேயும் ஒட்டிவிட்டாளா என்று சலித்துக்கொண்டு நகத்தால் பெயர்த்தேன். அது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. டிவி ஒருமுறை மங்கிப் பிரகாசமானது. சமையலறையிலிருந்து தோசை வார்க்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஜெரால்டு சொன்ன இன்னொரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. கண்ணுக்கு எதிரில் குடும்பம் எதுவும் தெரியவில்லை என்றால்.

சரி, வந்தால் என் சாயல்தான் வரும் என்று நினைத்தேன். இந்த வீட்டில் பொறுத்துக்கொள்ள முடியாத ஆள் என்று யாராவது இருந்தால் அது நானாகத்தான் இருக்கும். அதைக்கூட ஒரு பத்தியாக எழுதிச் சிரிக்க வைத்துவிடலாம். போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தகாரி வந்தாள். இளவரசனின் குதிரைக்கு முன்னால் நின்றாள். மண்டையோட்டு மாலையின் ஒரு சரத்தை எடுத்து மெதுவாக விரலில் சுற்றினாள்.

"இளவரசே, நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால்..."

பாதியில் நிறுத்தினாள். எச்சிலை விழுங்கினாள். லேசாகச் சிரித்தாள்.

கோரப்பல்லுக்கு நடுவே அதே சிரிப்பு. போன் கையில் இருந்தும் படம் எடுக்க மறந்தேன். பின்னால் தட்டு வைக்கும் ஓசை கேட்டது. சுகந்தி தோசையோடு வந்திருந்தாள். அவள் அரக்கியைப் பார்க்கவில்லை. திரையின் மேல் விளிம்பைப் பார்த்தாள், பிறகு என் விரலைப் பார்த்தாள்.

"அதை ஏன் எடுத்தீங்க?" என்றாள்.

"எப்பலேர்ந்து இது?"

"தீபாவளிக்கு முன்னாடியே வந்துட்டா."

"நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"உக்காந்திருந்தீங்க. நீங்க கவனிக்கல." தட்டை என் முன்னால் வைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். "என்னிக்காவது கவனிச்சுட்டீங்கன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு இருந்துது. அந்தக் கண்ணை மூடினா அவ போயிடறா. அதான் ஒட்டினேன்."

எனக்குச் சங்கடமாக இருக்குமாம். தொலைக்காட்சியைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான். என் மனைவியை அரக்கியாக்கி எதிரே நிறுத்தியிருக்கிறார்கள், அதை வாரக்கணக்கில் பார்க்காமல் சட்னி தொட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பை எந்தத் தொடரும் எனக்கு உண்டாக்கியதில்லை.

"அப்புறமும் ஏன் சுகந்தி இதைப் பாத்துக்கிட்டிருக்க?"

"கதை பிடிச்சிருக்கு" என்றாள் சாதாரணமாக. "என்னை எடுத்துட்டா நல்லாத்தான் இருக்கு."

பிறகு அவளே சொன்னாள். "கலாக்காவுக்கும் முந்தாநாள் ஒரு அட்டைப் பொட்டு குடுத்தேன். அவங்க இங்க வந்த அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். ஒட்டிட்டாங்களாம். அரக்கி போயிட்டாளாம்."

"அப்ப சரியாப் போச்சா?"

"இல்ல. டிவிக்குப் பொட்டு ஒட்டிட்டேன், வேணு கண்ணுக்கு எதை ஒட்டறதுன்னு கேட்டாங்க. அவன் மூஞ்சி அப்படியேதான் இருக்காம். ஞாயித்துக்கிழமை கடைக்குப் பின்னால இருக்கற ரூமுக்குப் போயிடறாங்க. ஹோமுக்கெல்லாம் போக மாட்டாங்களாம்."

"வேணு என்கிட்ட நிறுத்திடறேன்னு சொன்னானே."

"அவன் சீரியலைத்தானே நிறுத்துவான்."

நான் எழுந்துபோய்க் கட்டுரையின் கடைசிப் பத்தியை அழித்தேன். மிச்சத்தைப் படித்துப் பார்த்தேன். வேண்டாம் என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மூடி வைத்துவிட்டு ஹாலுக்குத் திரும்பினேன்.

"இனிமே இது வேண்டாம் சுகந்தி. நிறுத்திடலாம்."

"நீங்க வேண்டாம்னு எழுதுங்க. நாலு வீடாவது தப்பிக்கும். எனக்குக் கடல்ல இருக்கற அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியணும்." என் விரலிலிருந்து பொட்டை எடுத்துப் பார்த்தாள். தூசி படிந்து பசை போயிருந்தது. தன் நெற்றியில் இருந்ததை எடுத்து, எட்டி, கண்ணின் மேல் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினாள். திரை மங்கித் தெளிந்தது. பொது அரக்கி ஹா ஹா என்று கத்தினாள்.

போனை அணைத்து மேஜைமேல் வைத்தேன். தோசையைப் பிட்டுக்கொண்டு, முதல் முறையாக அவளோடு அந்தத் தொடரைப் பார்த்தேன். கன்னத்தையும் மூக்கையும் அசையாமல் வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். முகம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தவனைப் போல இருந்தது. விளம்பரம் வந்தது, போனது. இளவரசன் குதிரைமேல் கடற்கரை ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தான்.

சுகந்தியின் கை சங்கிலிக்குப் போனது. "ஏங்க, நான் என்ன சொல்ல வரேன்னா, இவன் கடைசி வரைக்கும் இந்தக் குதிரைய விட்டு எறங்கவே மாட்டானா?"

அது என் கட்டுரையின் முதல் பத்தியில் இருந்த கேலி. நான் சிரித்திருக்க வேண்டும். அவள் சொன்னது மனதில் ஏறுவதற்கு முன்பே, 'நான் என்ன' என்ற இடத்திலேயே, என் மூக்கு சுருங்கியது. டிவியின் கண் மூடியிருந்தது.

சங்கிலியை விட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள் சுகந்தி.